எண்பத்தேழாம் விண்ணப்பம்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆள் சேர்ப்புப் பிரிவில் பன்னிரண்டு வருட உத்தியோகம். வேலை கேட்டு எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். நூறு வந்தால் பத்துதான் மேலே போகும். மீதியெல்லாம் இடது கைப்பக்கம் இருக்கும் பச்சைத் தட்டில் போய் விழும்.

படித்துப் படித்து அவளுக்கு மூக்கு பழகிவிட்டது. 'சவால்களை விரும்புபவன்' என்று எழுதியிருந்தால் மாற்றல் கேட்டு மூன்று இடத்தில் சண்டை போட்டவன் என்று அர்த்தம். 'குறுகிய காலத்தில் பல துறைகளில் அனுபவம்' என்றால் எங்கேயும் ஆறு மாதம் தாண்டவில்லை. பலவீனம் என்ற இடத்தில் 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று எழுதுகிறவர்களை அவள் மறு பேச்சில்லாமல் பச்சைத் தட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அந்த மாதம் கிடங்குக்கு ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டது. மேலாளர் அம்மா அவளைக் கூப்பிட்டார். மேலாளர் அம்மாவுக்கு முதுகுவலி. எதையும் உட்கார்ந்து படிக்கமாட்டார். இரும்பு அலமாரியின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே படிப்பார், நின்றபடியே திட்டுவார்.

"விளம்பரத்துல கம்பெனி பேர போடாத. போட்டா ஃபிட்டரோட மச்சான், டிரைவரோட சகலை, வாட்ச்மேனோட பெரியப்பா பையன்னு சொந்தக்காரங்க வரிசையா வந்து நிப்பாங்க. 'ஒரு முன்னணி நிறுவனம்'னு மட்டும் போடு. புதுசா ஒரு மெயில் ஐடி போடு. யார் எவர்னு தெரியாம நல்ல ஆளா எடுப்போம்."

"சரிங்கம்மா," என்றாள் சல்லடை. அந்த ஏற்பாடு தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

நான்காம் நாள் காலை பதினோரு மணி. எண்பத்தேழாவது விண்ணப்பத்தைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது அவளுடைய தோள்.

படத்தில் இருந்தது ஓர் ஆணின் முகம்தான். ஆனால் வலது ஓரத்தில், கத்தரித்தது போக மிச்சமாக, ஒரு பெண்ணின் தோளும் அதில் தொங்கும் பழுப்புக் கைப்பையின் வாரும் தெரிந்தன. வார் அறுந்த இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. 'இந்த ஊக்கை நான்தானே குத்தினேன்' என்று நினைத்தாள். பிறகுதான் தோளுக்குப் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் எடுத்த படம்.

வீட்டுக்காரர் ஒரு டைல்ஸ் கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அன்று காலையிலும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, "இன்னிக்கு ரெண்டு லோடு வருது, கொஞ்சம் லேட்டாகும்," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். விண்ணப்பத்திலோ, 'நிறுவனம் மூடப்பட்டதால் இரண்டு மாதங்களுக்கு முன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டேன்' என்று இருந்தது.

அவள் கணினியை மூடினாள். எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது முகம் கழுவியது போதாது என்று தெரிந்தது. இன்னொரு முறை கழுவினாள்.

இரண்டு மாதம். ஒன்றாம் தேதியானால் பணம் வந்துகொண்டிருந்தது. மூடும்போது மொத்தமாக ஏதோ கொடுத்திருப்பார்கள். தினமும் மனிதர் எங்கே போகிறார்? அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அவர் கிடங்குக் கதை சொல்வார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டிரைவருக்கும் எடைமேடையில் உட்காரும் பெண்ணுக்கும் காதல். பெண்ணின் அண்ணன் லாரி ஷெட்காரன், முரடன். ஒன்றரை மாதமாக இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுக்கூட அந்தப் பெண் டிரைவரோடு பேசாமல் இருக்கிறாள் என்று கேட்டு இவளுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கிடங்கே இல்லை என்றால் எடைமேடை ஏது? பெண் ஏது? அவளுக்கு அழுகையோடு அழுகையாக ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனதைச் சொல்லாததைக்கூட மன்னித்துவிடலாம். இல்லாத ஒருத்திக்காகத் தன்னை இரண்டு நாள் கவலைப்பட வைத்ததை எப்படி மன்னிப்பது?

திரும்ப வந்து விண்ணப்பத்தை முழுவதும் படித்தாள். நான்கு பக்கம்.

'குறிக்கோள்: ஒரு சிறந்த நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கேற்று, நிறுவனத்தோடு நானும் வளர்வது.' இது எல்லோரும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவது. போகட்டும். 'குழுவாகச் செயல்படுவதில் வல்லவன்.' இவரும் இவர் தம்பியும் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோன நாளை அவள் நினைத்துக்கொண்டாள். கட்டில் இன்றுவரை பாதிப் படியில் வாங்கிய கீறலோடு இருக்கிறது. 'கணினியில் முழுத் தேர்ச்சி.' போன மாதம் போனில் சத்தம் வரவில்லை என்று மகளிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னவர். 'பொழுதுபோக்கு: நீச்சல்.' தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருந்தால் குளியலறை வாசலிலேயே பத்து நிமிஷம் நிற்கிற மனிதர்! 'பலவீனம்: அளவுக்கு மீறி உழைப்பது.'

இதுவரை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் படித்தாள். மூன்றாம் பக்கத்து நடுவில்தான் தூக்கிவாரிப் போட்டது.

'கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு குடும்பத்தின் மாதாந்திரக் கொள்முதல், இருப்பு, விநியோகம் ஆகிய அனைத்தையும் தனியொருவனாகத் திட்டமிட்டு, ஒரு நாளும் தட்டுப்பாடு வராமல் நிர்வகித்த அனுபவம்.'

"தனியொருவனாகவா?" என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். எதிர் மேசைக் கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணா," என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடித்திருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளரில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. அனுபவம் இருந்தும் எழுதத் தெரியாதவர்களுக்கு, விளக்கம் கேட்டு ஒரு மெயில் போடுவது அவள் வழக்கம். வருடத்துக்கு நாலைந்து பேருக்குப் போட்டிருப்பாள். இன்னும் ஒருவருக்குப் போட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? சொந்தக்காரர் விண்ணப்பத்தைத் தொடக்கூடாது என்ற விதி அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்த விதியை எழுதும்போது தட்டச்சு செய்ததே அவள்தான். அன்று மட்டும் அது ஞாபகத்துக்கு வரவேண்டாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

'ஐயா, தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நான்கு பக்கம் படிக்க எங்களுக்கு நேரமில்லை, இரண்டுக்குள் சுருக்கவும். நீச்சல் என்று குறிப்பிட்டுள்ளீர்கள். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரத்தில்? குடும்ப நிர்வாகத்தில் பத்தொன்பது ஆண்டு அனுபவம் எங்களைக் கவர்ந்தது. மாதத்துக்கு எத்தனை சோப்பு, எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு எண்ணெய் என்ற விவரத்தோடு, இருப்பு தீரும் முன் தாங்கள் கையாளும் முறையையும் விளக்கவும். இப்படிக்கு, ஆள் சேர்ப்புப் பிரிவு.'

அனுப்பிவிட்டு மீதித் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். ருசியாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்பதுபோல் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தார்.

"ஏம்மா, நம்ம வீட்ல மாசம் எத்தன சோப்பு செலவாகும்?"

"எதுக்கு?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

"பத்தொம்பது வருஷமா தெரியாமத்தானே குளிச்சீங்க? இன்னிக்கு என்ன வந்துச்சு?"

"ஒரு மனுஷன் வீட்டு விஷயத்துல அக்கறை காட்டக் கூடாதா?"

"தாராளமா காட்டுங்க. குளிக்கறதா, துவைக்கறதா, பாத்திரம் தேய்க்கறதா? எந்த சோப்பு?"

 சோப்பில் மூன்று வகை உண்டு என்பது அவருக்குப் புதுச் செய்தி. "எல்லாம் சேத்துத்தான்," என்று சமாளித்துவிட்டு மெல்ல அலமாரியைத் திறந்தார். டப்பாக்களை எண்ணினார். ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். தும்மினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே போய் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டது சமையலறை வரை கேட்டது.

"பாப்பா, இந்த நீச்சல் குளம்லாம் எத்தன மீட்டர் இருக்கும்?"

"அப்பா, நீங்க நீஞ்சப் போறீங்களா? யார் காப்பாத்துவாங்க?"

இரண்டு நாளில் இரண்டாவது விண்ணப்பம் வந்தது. இரண்டே பக்கம். நீச்சல் போய் 'நடைப்பயிற்சி' வந்திருந்தது. அது நிஜமாகவே இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கணினியில் முழுத் தேர்ச்சி என்பது 'தேவையான அளவு' என்று இறங்கியிருந்தது. குடும்ப நிர்வாகம், 'உதவிய அனுபவம்' என்று பம்மிப் பதுங்கியிருந்தது. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் கிடங்கைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. பதினாறு வருட வேலைக்கு ஒரே ஒரு வரி: 'எனக்குக் கொடுத்த பணிகளைப் பொறுப்பாகச் செய்தேன்.'

பொறுப்பாகவாம்! அந்தக் கிடங்கில் நூறு பெட்டிக்கு ஏழு பெட்டி உடைந்துகொண்டிருந்த காலம் அவளுக்கு நினைவிருந்தது. மனிதர் ஒரு வாரம் தூங்கவில்லை. தரையில் மகளின் நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்து, படுக்கவைத்து அடுக்கினால் எப்படி, நிமிர்த்தி அடுக்கினால் எப்படி என்று பரீட்சை பார்த்தார். பிறகு போய்ப் பெட்டிகளை நிமிர்த்தி அடுக்கச் சொன்னார். நடுவில் பழைய டயர்த் துண்டுகளைச் சொருகினார். ஏழு இரண்டாயிற்று. முதலாளி கூப்பிட்டுக் கைகொடுத்தார் என்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார். அந்த ஆள் இப்போது அதை ஒரு வரிகூட எழுதாமல், தெரியாத நீச்சலை எழுதியிருக்கிறார். பொய் சொல்லத் தேவையில்லாத இடத்தில் பொய். சொல்ல வேண்டிய உண்மையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். எத்தனை இடத்துக்கு இப்படியே அனுப்பி, எத்தனை பச்சைத் தட்டில் விழுந்ததோ! 

இந்தத் தடவை விளையாட்டை ஓரம் வைத்துவிட்டு, தன் உத்தியோகத்துக்கு ஏற்றபடி எழுதினாள்.

'ஐயா, பொறுப்பாகச் செய்தேன் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஏற்றினீர்கள்? உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? நீங்கள் போனபோது என்ன கெட்டிருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் எவ்வளவு சரியானது? எண் போட்டு எழுதுங்கள். முக்கியமானது முதல் பத்தியில் வரவேண்டும். தெரியாததை எழுத வேண்டாம். குடும்ப நிர்வாகத்தில் உதவிய அனுபவம் என்றால், கடந்த மாதம் உதவியது என்னென்ன? தயவுசெய்து சும்மா பூசி மெழுகாதீர்கள்.'

அனுப்பிய பிறகுதான் கடைசி வரி உறுத்தியது. 'சும்மா பூசி மெழுகாதீங்க' என்று வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்கிறவள் அவள். சே, இந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கிடங்குக் கதையை எடுக்கவில்லை. இரண்டு தடவை அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். மகள் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்னங்க, அந்த டிரைவர் கதை என்னாச்சு? அந்தப் பொண்ணு பேசிடுச்சா?" என்று கேட்டாள் அவள், ஒன்றும் தெரியாதவள்போல.

வீட்டுக்காரர் துண்டால் கையை நிதானமாகத் துடைத்தார். "பேசுது. ஆனா இப்போ வேற சிக்கல். அவன் ஏதோ ஒண்ண மறைச்சிருக்கான். அது அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிச்சிக்கிட்டு, அவன வச்சு வேடிக்க பாக்குது."

அவளுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? தெரிஞ்சிருச்சுன்னு அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மூன்றாவது விண்ணப்பம் வந்தது. ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியிலேயே ஏழும் இரண்டும் இருந்தன. ஒரு நாளைக்குப் பதினெட்டு வண்டி, கீழே பதினோரு பேர், பதினாறு வருடத்தில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. டயர்த் துண்டுகூட இருந்தது. படிக்கப் படிக்க அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தன் வேலையை அவர் ஓர் இடத்திலாவது பார்த்து, இதுதான் நான் என்று எழுதியிருக்கிறார்.

கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'குடும்ப நிர்வாகம்: அனுபவம் இல்லை. அந்தத் துறையைப் பத்தொன்பது ஆண்டுகளாக வேறொருவர் நடத்தி வருகிறார். கடந்த மாதம் நான் உதவியது: ஒன்றுமில்லை. சோப்பில் மூன்று வகை உண்டு என்று இந்த வாரம் தெரிந்துகொண்டேன். பலவீனம்: வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. பயம் காரணமல்ல, வெட்கம். இது பற்றி எந்த விசாரணைக்கும் தயார். விசாரிப்பவர் தங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார் என்று நினைக்கிறேன்.'

அவள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு மேலே அனுப்பலாம் என்று கணினிமேல் கைவைத்தபோது, பின்னாலிருந்து மேலாளர் அம்மாவின் குரல் வந்தது.

"அந்த எண்பத்தேழு என்ன கேஸ்?"

பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் விண்ணப்ப மெயில்களை எட்டிப் பார்க்காதவர், அன்று பார்த்து எல்லாவற்றையும் திறந்து அச்செடுத்திருந்தார். இரும்பு அலமாரியின் மேல் மூன்று விண்ணப்பமும் அவளுடைய இரண்டு மெயிலும் வரிசையாகக் கிடந்தன. மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவளும் நின்றாள்.

"வீட்டுக்காரரா?"

"ஆமாங்கம்மா."

"சொந்தக்காரங்க வரக்கூடாதுன்னுதான் பேரே போடாம விளம்பரம் குடுத்தோம். கடைசில சல்லடையோட சொந்தமே வந்து நிக்குது!"

'சல்லடை' என்று அவர் நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தோள், ஊக்கு, எடைமேடைப் பெண், சோப்பு எல்லாவற்றையும். மேலாளர் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார். தோள் மட்டும் இரண்டு முறை குலுங்கியது.

திரும்பியபோது முகம் கல்லாக இருந்தது. "விளையாட்டா இருந்தாலும் தப்பு தப்புதான். இந்த வேலைக்கான ஃபைல் எதையும் இனிமே நீ தொடாத. ஒரு மாசம் பழைய ஃபைல் ரூம்ல அடுக்குற வேலை. இன்டர்வியூ நானே பண்றேன். அவரையும் கூப்பிடுவேன், ஏன்னா எழுதியிருக்கறது நல்லா இருக்கு. எடுக்குறேனா இல்லையாங்கறது வேற. நீ வெளிய உக்காந்து நம்பர் மட்டும் கூப்பிடு."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் சீக்கிரமே வந்து, கூடத்தில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் ட்யூஷனுக்குப் போயிருந்தாள். அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தெனமும் எங்க போனீங்க?"

"லைப்ரரிக்கு. அங்க ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் தருவாங்க. மீதி நேரம் பேப்பர் படிப்பேன். டப்பாவ அங்க மரத்தடியில உக்காந்து சாப்பிடுவேன்."

அந்த மரத்தடிதான் அவளை உடைத்துவிட்டது. 

"ஏங்க சொல்லல? நான் என்ன கடிச்சா முழுங்கிடுவேன்?"

"சொன்னா உடனே உக்காந்து எனக்கும் சேத்து நீயே எல்லாம் எழுதிடுவ. உனக்கு அதுதானே வேலை? ஒரு தடவையாவது நானே ஒண்ணு வாங்கிட்டு வந்து உன் முன்னாடி நிக்கலாம்னு பாத்தேன்."

"நீந்தி வாங்கலாம்னு பாத்தீங்களாக்கும்!"

அவர் கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் சிரிப்பது தெரிந்தது. அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. அடுத்த அரைமணி நேரம், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கு வாங்கு என்று வாங்கினாள்.  நடுவில் ஒருமுறை அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நேர்முகத் தேர்வு நாளன்று வராந்தாவில் ஏழு நாற்காலி போட்டிருந்தது. ஐந்தாவதில் வீட்டுக்காரர், காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில். அவள் கையில் எண்கள் எழுதிய தாளோடு கதவருகே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் ஃபோன ஆஃப் பண்ணிடுங்க," என்றாள் பொதுவாக.

"சரிங்க மேடம்," என்றார் வீட்டுக்காரர், எல்லோருக்கும் முந்திக்கொண்டு.

பக்கத்து நாற்காலிக்காரர் அவர் காதில் கிசுகிசுத்தார். அது அவளுக்கும் கேட்டது. "அந்தம்மா ரொம்ப கறார்னு சொல்றாங்களே, நிஜமாவா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் வீட்டுக்காரர். "முகத்தப் பாத்தா நல்லவங்களாத்தான் இருக்காங்க."

அவள் தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, "எண்பத்தேழு!" என்று கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் அதிகமாகவே கணீரென்று வந்தது. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் தாண்டும்போது அவளைப் பார்க்காமல் போனார். காது மட்டும் சிவந்திருந்தது.

உள்ளே இருபத்தைந்து நிமிஷம். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. அவள் தாளைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. "வரேங்க மேடம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு நடத்திய ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைச் சல்லடையே இரண்டாம் நாள் பார்த்து, மேலே போக வேண்டிய கட்டோடு வைத்திருந்தாள்; குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் சேதியைச் சொன்னபோது வீட்டுக்காரர், "அந்தம்மா நல்லாத்தான் பதில் சொல்லிருப்பாங்க," என்று மட்டும் சொன்னார். ஆனால் மறுநாள் அவர் ஒளியாமல் மறையாமல், "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவளுக்கு அதுவே பாதி நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மேலாளர் அம்மா பழைய கோப்பறைக்குத் தானே வந்தார். தூசிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

"நம்மகிட்ட பெட்டி வாங்குற பீங்கான் கம்பெனி தெரியுமில்ல? மாசாமாசம் சரக்கு ஒடையுதுன்னு என் உயிர எடுக்குறவங்க. அவங்க டெஸ்பாட்ச்ல ஆள் தேடுறாங்க. உங்க வீட்டுக்காரரக் கேட்டு, அவர் சம்மதத்தோட அந்த ஒன்றரைப் பக்கத்த அங்க அனுப்பினேன். கடைசிப் பத்திய மட்டும் எடுத்துட்டேன். அவங்க மொதலாளி அந்த டயர்த் துண்ட படிச்சிட்டு, நாளைக்கே வரச் சொல்லிட்டாரு."

அவள் பேச வாயெடுத்தாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாத. நீ இன்னும் தண்டனைல இருக்க. அந்த மூணாவது வரிசை கோணலா இருக்கு, நேரா அடுக்கு," என்று சொல்லிவிட்டு மேலாளர் அம்மா போய்விட்டார்.

பீங்கான் நிறுவனத்தில் அவரை எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் தினமும் வீட்டுக்கு வந்து நிஜமான கதைகள் சொன்னார். அவற்றில் காதல் எதுவும் இல்லை. எல்லாமே தட்டு, கோப்பை, கைப்பிடி உடைந்த கூஜா. மகள் கொட்டாவி விட்டாள். "பழைய கதைதான்பா நல்லா இருந்துச்சு," என்றாள்.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பீங்கான் நிறுவனத்தின் சரக்கு அனுப்பும் பிரிவுப் பொறுப்பாளர். அரைப் பக்கம்தான். இவர்கள் அனுப்பிய பெட்டிகளில் நூற்றுக்கு ஒன்பது பெட்டி அடிமூலையில் பிளந்துகொள்கிறது. மடிக்கும் இடத்தில் பசை இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல்தான் இருக்கிறது. சோதித்த பெட்டிகளின் எண்கள் இவை. பத்து நாளில் சரியாகாவிட்டால் வேறு இடத்தில் வாங்க வேண்டியிருக்கும். வணக்கம்கூடச் சுருக்கமாக இருந்தது.

மேலாளர் அம்மா அதை அலமாரிமேல் வைத்து நின்றபடி இரண்டு முறை படித்தார். பசைப் பிரிவுக்குப் போன் போட்டு, கீழே போய் அளந்து பார்க்கச் சொன்னார். ஒரு விரல்தான் இருந்தது. பிறகு கோப்பறையிலிருந்து சல்லடையை வரவழைத்தார்.

"உன் புருஷன் லெட்டர்ல ஒரு வார்த்த அதிகமில்ல, ஒரு வார்த்த கொறவில்ல. பதிலுக்கு நான் என்னத்த எழுதறது?"

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கையெழுத்துக்குக் கீழே அவர் பதவிப் பெயர் அச்சாகியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தண்டனை இன்னும் பத்து நாள் பாக்கி இருக்குங்களேம்மா?"

"ரத்து. உக்காந்து எழுது."

சல்லடை தன் மேசைக்குப் போனாள். மூன்று வாரத் தூசியை முந்தானையால் துடைத்தாள். 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது' என்று தட்டச்சு செய்தாள். தப்பு எங்கள் பக்கம்தான் என்று அடுத்த வரியிலேயே ஒப்புக்கொண்டாள். பசைப் பிரிவில் விசாரித்து, பசை இயந்திரத்தின் எந்த உருளை தேய்ந்திருந்தது, அதை என்றைக்கு மாற்றுவார்கள், புதுப் பெட்டிகள் எந்தத் தேதியில் வந்து சேரும் என்று எண் போட்டு எழுதி முடித்தாள். எழுதிய பிறகு, 'தாங்கள் நேரில் வந்து சோதித்துப் பார்க்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தாள். வருவார், மேடம் என்றுதான் கூப்பிடுவார், தானும் சார் என்று கூப்பிட்டுத் தேநீர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"என்ன ஆச்சு?" என்று எதிர் மேசைக் கணக்கர் கேட்டார்.

"ஒரு கஸ்டமர்ண்ணா," என்றாள். "ரொம்ப கறாரான ஆளு."